எருமையைத் தூக்க இரண்டு கொக்கிகள்

கன்று ஈன்ற எருமை படுத்த இடத்தைவிட்டு எழவில்லை. தூக்கி நிறுத்த வீட்டில் வேறு ஆளில்லை. செண்பகவல்லி டிராக்டரை வெல்டிங் பட்டறைக்கு ஓட்டிப்போய், அதன் முன்னாலுள்ள மண் அள்ளும் வாளியின் விளிம்பில் இரண்டு சங்கிலிக் கொக்கிகள் வைக்கச் சொன்னாள்.

"தூக்கையில கூடப் பிடிக்க யாரும்மா இருக்கா?" என்றார் பட்டறைக்காரர்.

"ஆளு இருந்தா கொக்கி எதுக்குண்ணே?"

வீடு திரும்பி, எருமையின் வயிற்றுக்கடியில் தார்ப்பாயைச் செருகி, சங்கிலியால் கொக்கிகளில் மாட்டி, வாளியை மெல்ல உயர்த்தினாள். குளம்புகள் தரையைத் தொட்டன, கால்கள் ஊன்றவில்லை. இறக்கினால் விழுந்துவிடும். இன்ஜினை அணைத்துவிட்டு இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். வெயில் சாய்ந்தது. எருமை அவளையே பார்த்தது.

"மெதுவா நில்லு. எனக்கும் உள்ள போயி ஆகவேண்டியது ஒண்ணுமில்ல" என்றாள்.

பின்னங்கால் ஒன்று நடுங்கிக்கொண்டே மண்ணைத் தேடியது.