அடுப்பா, வெயிலா

டாக்டர் அப்பாத்துரை சாலோமியின் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தார். காதுக்குக் கீழே ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது.

அது நின்ற விதத்திலேயே தாய் ஞானசௌந்தரிக்கு விளங்கிவிட்டது.

மகளின் கீழுதட்டுப் புண் ஒன்பது மாதமாக ஆறவில்லை. உதட்டை அறுத்து எடுக்கலாம், கழுத்தில் இறங்கிய புற்றை எடுக்க வழியில்லை என்று டாக்டர் பைய எடுத்துச் சொன்னார். கிறிஸ்துமஸ் வரை இருப்பாளா என்று ஞானசௌந்தரி கேட்கவில்லை.

சாலோமிக்குப் பதினேழு வயது. பிறக்கும்போதே நுங்கின் வெளுப்பு. முடியும் இமையும்கூட அப்படித்தான்.

டாக்டர் 1906 என்று அட்டையில் எழுதியிருந்த ஒரு நோட்டைத் திறந்தார். நாங்குநேரி தொடங்கி முக்கூடல் வரை அலைந்து, இவளைப் போல வெளுத்துப் பிறந்த பதினாறு பேரை ஆறு வருஷத்தில் தேடிப் பிடித்திருந்தார். இவர்கள் தோலில் புண் வைப்பது வெயிலா, அடுப்புச் சூடா என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். வெயில்தான் என்று உறுதிப்பட்டால், இனிப் பிறக்கிற பிள்ளைகளை மூடி வளர்த்தே காப்பாற்றிவிடலாமாம்.

சின்ன வயதில் இவள் வெயிலில் அதிகம் கிடந்தாளா என்று ஞானசௌந்தரியிடம் கேட்டார்.



பிள்ளை பிறந்த அன்றே ஊர் பேசிவிட்டது. எந்தத் துரை பங்களாவில் வேலை பார்த்தாய் என்று நாத்தனார் சிரித்துக்கொண்டே கேட்டாள். புருஷன் சிரிக்கவில்லை.

வெயில் பட்டால் நிறம் வரும் என்று யாரோ சொன்னார்கள். நல்லெண்ணெய் தேய்த்து, ஓலைப்பாயில், உச்சிவெயிலில் பிள்ளையைக் கிடத்தினாள். கொப்புளம் உடைந்தால் இரண்டு நாள் விட்டு மறுபடியும் கிடத்தினாள். ஓடி ஒளியத் தெரியும்வரை விடவில்லை. மகளுக்கு அதெல்லாம் நினைவிருக்காது என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தாள்.

சாலோமி முந்திக்கொண்டாள்.

"எங்கம்ம என்னைய வெயில்லயே விட மாட்டா, ஐயா. பதனி காய்ச்சுதது நாந்தான். அந்த அடுப்புச் சூடுதான்."

அவள் அடுப்புப் பக்கம் போனதே இல்லை. கண் மங்கல் என்பதால் விளக்குத் திரியைக்கூட ஞானசௌந்தரி அவளைத் தொட விட்டதில்லை.

டாக்டர் தாயைப் பார்த்தார்.

ஞானசௌந்தரி ஆமென்று தலையாட்டினாள்.

வெயில் என்று தலைப்பிட்ட பக்கத்தில் வைத்திருந்த பேனாவை எடுத்து, எதிர்ப் பக்கத்தில் அடுப்பு என்ற தலைப்பின் கீழே சாலோமியின் பேரை எழுதினார். மை உலர ஊதினார்.

வெளியே வந்ததும் சாலோமி முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். வண்டியில் ஏறப்போன தாயை நிறுத்தி, அவளுடைய ஐந்து மாத வயிற்றின் மேல் கையை வைத்தாள்.

"எம்மா, இதுவும் என்னைய மாதிரி பிறந்தா, வெயில்ல கிடத்தாத. ஊரு பேசுனா பேசட்டும்."