ரொம்பப் பேசும் அம்மா

"ஹீரோ வர்ற சீனெல்லாம் வெட்டிடு லா," என்றான் இயக்குநர் கிஷன்.

எடிட்டர் விஷ்ணுப்ரியா திரும்பிப் பார்த்தாள். "அந்த அம்மா கேரக்டர் ரொம்பப் பேசுதுன்னுதான் டிவிக்காரங்க நம்ம சீரியலோட பைலட் எபிசோடையே ரிஜெக்ட் பண்ணாங்க. அந்த அம்மா சீன மட்டும் வச்சு என்ன பண்ணப்போறே?"

"குறும்படத்துக்கு அது போதும்."

ஏழு நிமிடம் தேறியது. ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் கிள்ளானில் திரையிட்டார்கள். மண்டபம் நிறைந்த கூட்டம். படம் முடிந்தும் யாரும் கைதட்டவில்லை.

திரைக்குப் பக்கத்தில், மாலை போட்ட புகைப்படத்தில், அம்மாவாக நடித்த கிருஷ்ணம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று அவருக்குப் பதினாறாம் நாள் காரியம்.

கணவர் அய்யாவு எழுந்து வந்து கிஷனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த மாசம் டிவில வரும்னு நீங்க சொன்னீங்கன்னு அவ கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா. டிவில வந்துருச்சா, தம்பி?"

"வந்துருச்சு, அங்கிள்," என்றான் கிஷன்.