கியர் கம்பு

"மறுபடியும் ஆடுதுலே," என்றார் முதலாளி.

குலசேகரத்தில் காரில் ஏறியதிலிருந்து இது ஏழாவது தடவை. சாலையில் மாடு நிற்கும், சைக்கிள்காரன் குறுக்கே வருவான், அதையெல்லாம் பார்க்க மாட்டார். எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து கியர் கம்பின் தலையையே முறைத்துக்கொண்டு வருவார்.

பெட்ரோலை மிதித்தால் கம்பு விரற்கடை சாயும். காலை எடுத்தால் திரும்பி வரும். அவ்வளவுதான்.

அந்த விரற்கடைக்காக இரண்டு டிரைவர்களுக்கு வேலை போயிருக்கிறது.

மூன்றாவது ஆள் நான். நாலாவது ஆள் தக்கலையில் காத்து நிற்கிறான். அங்கே போய்ச் சேருவதற்குள் கம்பு அடங்காவிட்டால், சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு நான் தேங்காய்ப்பட்டணத்துக்கு நடையைக் கட்ட வேண்டும். வீட்டில் என் மனைவி ரசூல் பீவிக்கு நிறைமாதம்.

கொழும்பு ஒர்க்ஷாப்பில் ஆறு வருஷம் கரியும் எண்ணெயுமாகக் கிடந்தவன் நான். வண்டியில் குற்றமில்லை என்று எத்தனை விதமாகச் சொல்வது? வாயைத் திறந்தாலே, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்.

போன சனிக்கிழமை அவருடைய ரப்பர் கிட்டங்கியில் மூன்று மணி நேரம் காக்க வைத்தார். கப்பலுக்குப் போகிற ரப்பர் ஷீட்டுகளை ஆட்கள் கெட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். புகையில் நன்றாகக் காய்ந்தவை மேலேயும் கீழேயும். ஈரம் போகாததும் மரப்பட்டை ஒட்டியதும் நடுவில். இறுக்கிக் கட்டச் சொல்லி அவர்களை அதட்டுவார். உடனே என் பக்கம் திரும்பி, கம்பு ஏன் ஆடுகிறது என்று கேட்பார்.

திருவட்டாறு தாண்டியதும் இறக்கம் வந்தது. கம்பு மறுபக்கம் சாய்ந்தது.

முதலாளி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

கியர் மாற்ற விடவில்லை. தலையில் அடித்துக்கொள்ளலாமென்றால் எனக்கு ஒரு கைகூடச் சும்மா இல்லை. போகிற வேலை போகட்டும் என்று வண்டியை ஓரத்தில் நிறுத்தினேன்.

"மொதலாளி, கம்பு தானா ஆடல்ல. எஞ்சினாக்கும் ஆடுது. அதுக்க அடியில ரப்பர் கட்டை வச்சிருக்கான்."

அவர் கம்பிலிருந்து கையை எடுத்தார்.

"ரப்பரா?"

நாலே நாலு கட்டை என்றேன். எஞ்சினின் பாரம் முழுக்க அதன்மேல்தான். அது நெகிழ்ந்து கொடுப்பதால்தான் நம் முதுகு நோகாமல் போகிறோம். எஞ்சின் அசைகிறபோது அதோடு கம்பும் அசைகிறது.

எந்த ஊர் ரப்பர் என்று கேட்டார்.

வண்டி சீமையில் செய்தது. சீமையில் ஏது ரப்பர் மரம்? நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போவதுதானே என்றேன்.

முதலாளிக்கு முகம் வேர்த்தது. கதவைத் திறந்து இறங்கினார். ஜன்னல் வழியாகக் கையை உள்ளே நீட்டினார்.

உண்மையைச் சொல்லி வேலையைத் தொலைத்தேனே. சாவியைக் கழற்றி அந்தக் கையில் வைத்தேன்.

அவர் சாவியைத் திருப்பி என் மடியில் போட்டார். குடையை எடுக்கச் சொன்னார். தக்கலையில் நிற்பவனைத் திருப்பி அனுப்பிவிடலாமாம், நானே ஓட்டினால் போதுமாம். ஆனால் அவர் நடந்து வருவாராம்.

தக்கலைக்கு இன்னும் ஆறு மைல். உச்சி வெயில்.

குடையை விரித்துக்கொண்டு இறக்கத்தில் நடந்தார். நான் முதல் கியரில் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனேன். வேலை நிலைத்த சந்தோஷத்தில் தலையை வெளியே நீட்டி, பயப்படாமல் ஏறுங்கள், சீமைக்காரன் நல்ல சரக்காகப் பார்த்துத்தான் வாங்கிப் போட்டிருப்பான் என்றேன்.

முதலாளி திரும்பிப் பார்க்கவில்லை.

"அவனுக்கு நாமல்லாலே அனுப்புனது."