மச்சானுக்குப் பின்னால்

சுருட்டிய கறுப்புக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்ரீஸ்கந்தராசா தன் தங்கையின் புருஷனை வேவு பார்த்தபடி நடந்தார். அறுபத்தெட்டு வயதிலும் முதுகு பனைமரம் போல நிமிர்ந்திருந்தது. பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் கடைத்தெருவில் கொஞ்சத் தூரம் முன்னால், தேய்த்த சட்டையும் செண்டு வாசமுமாகப் பாலச்சந்திரன் போய்க்கொண்டிருந்தான்.

காலையில் தங்கை தில்லைநாயகி மூக்கைச் சிந்தியபடி சொன்னாள்: "அண்ணை, அவர் இண்டைக்கு ஒரு வெள்ளைக்காரியிட்டைப் போறார். நீங்கள்தான் பின்னாலை போய்க் கையும் களவுமாப் பிடிக்கோணும்."

"அழாதை. எங்கட குடும்பத்துக்கு இப்பிடி ஒரு மானக்கேடு வர நான் விடன்" என்று குடையை எடுத்தவர்தான்.

நகைக்கடையடியில் அவருக்கு அடிவயிறு முட்டியது. ஆறு மாதமாக இந்தச் சனியன் இரவு பகல் பாராமல் அவரை ஓட ஓட விரட்டியது. பெண் டாக்டர் ஒருத்தரிடம் போனபோது, 'புரோஸ்டேட்' என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் எழுந்துவிட்டார். "கண்டவளுக்கு முன்னாலை காற்சட்டை கழட்டுற பரம்பரையில்லை நாங்கள்!" சொல்ல வந்த மீதியை டாக்டர் ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் கொடுத்தார். வாசிக்காமலே அதை வீட்டுப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகியாயிற்று. இனிப் பிள்ளையார் பாடு.

எதிரே இருந்த இராஜேந்திரனின் தேநீர்க்கடைக்குள் பாய்ந்து, அலுவலை முடித்து வந்து, ஒரு பிளேன்ரீ கேட்டார்.

"என்னண்ணை நீங்கள்! கக்கூசுக்கு வந்தவர் ரீ குடிக்கோணும் எண்டு சட்டமே?"

"ஸ்ரீஸ்கந்தராசா ஓசியிலை ஒருத்தன்ரை கக்கூசுக்கும் போறேல்லை. ஊத்தடாப்பா."

நாக்குப் பொசுங்கக் குடித்துவிட்டு வெளியே ஓடி வந்தார். ஆள் தப்பியிருப்பான் என்றுதான் நினைத்தார். இல்லை, பாலச்சந்திரன் நகைக்கடைக் கண்ணாடிக்குள் தாலிக்கொடியைப் பார்த்தபடி அங்கேயே நின்றான்.

"தாலி வேறையோ!" ஸ்ரீஸ்கந்தராசா பல்லைக் கடித்தார்.

அடுத்த சந்தியில் தேநீர் தன் வேலையைக் காட்டியது. தெருவோரத் தானியங்கிக் கழிப்பறைக்கு ஓடினார். முதலில் போனவன் வெளியே வந்ததும் கதவு பூட்டிக்கொண்டது; பெட்டி தன்னைத்தானே ஆறஅமரக் கழுவத் தொடங்கியது. ஸ்ரீஸ்கந்தராசா முதுகை வளைக்காமல் கால்களை மட்டும் பின்னிக்கொண்டு நின்றார். மானம் முதுகில் இருந்தது, அவசரம் காலில்.

ஒருவழியாக வெளியே வந்தபோது, பாலச்சந்திரன் மரக்கறிக் கடை வாசலில் ஒரே ஒரு முருங்கைக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர் குடையை ஊன்றிய சத்தம் கேட்டதும் காயை வைத்துவிட்டு நடந்தான்.

"பிள்ளையாரே, கள்ளனை எனக்காக நிப்பாட்டி வைக்கிறாய்" என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டார்.

பாலச்சந்திரன் ஒரு பக்கத் தெருவில் திரும்பி, உள்ளே இருப்பது தெரியாத மங்கல் கண்ணாடிக் கதவொன்றைத் தள்ளிக்கொண்டு நுழைந்தான். வாசலில் பூச்சட்டி. இதுதான் இடம்! மேலே ஏதோ பிரெஞ்சில் எழுதியிருந்தது. மானம் போகிற நேரத்தில் பெயர்ப்பலகையை யார் படிப்பார்?

குடையை வாள் போல ஓங்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

"எங்கையடா அவள்? வெளியாலை வரச்சொல்லு!"

வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். உள்கதவு திறந்தது. வெள்ளை அங்கி போட்ட இளம் வெள்ளைக்காரி ஒருத்தி வந்து, பெயரொன்றைக் கல்லுடைப்பது போல உடைத்து உடைத்துக் கூப்பிட்டாள்.

"மெஸ்யூ ஸ்ரீ... ஸ்கந்... தராசா?"

குடை அந்தரத்தில் நின்றது. மூலை நாற்காலியிலிருந்து தில்லைநாயகி எழுந்தாள். காலையில் அழுத கண்ணில் இப்போது ஒரு சொட்டு ஈரமில்லை. கையில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருந்த அதே துண்டு.

பாலச்சந்திரன் குடையை மெல்ல வாங்கிக்கொண்டான். "உங்களுக்குக் காவல் நிண்டு என்ரை கால் உளையுது, அத்தான்."

ஸ்ரீஸ்கந்தராசாவின் இரண்டு கைகளும் தாமாகவே இடுப்பு வாரை இறுகப் பிடித்தன.

தில்லைநாயகி கிட்ட வந்து மெதுவாகச் சொன்னாள்: "காற்சட்டையை விடுங்கோ அண்ணை, ரத்தம் எடுக்கச் சட்டைக் கையை மடிச்சாலே காணும்."