நெற்றியில் ஒரு கோடு

போட்டோ ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவில் குற்றாலத்துச் சாரல் ஒட்டி வழிகிறது. பகல் பதினொரு மணிக்கே உள்ளே ட்யூப்லைட் எரிகிறது. ஸ்டுடியோக்காரர் குற்றாலிங்கம் கம்ப்யூட்டர் முன்னால் செல்போனைக் காதோடு அழுத்தியபடி உட்கார்ந்திருக்கிறார். மறுமுனையில் மகள் அனுசியா. தாய்லாந்துப் பள்ளியொன்றில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வேலை கிடைத்து, அதற்கான விசா வாங்கப் பக்கத்து நாடான லாவோஸுக்குப் போனவள், அங்கே தாய்லாந்துத் தூதரக வாசலில் நின்று பேசுகிறாள். "படத்துல இருக்கது நீதானான்னு கேக்குதாவப்பா. நெத்தித் தழும்பு அதுல இல்ல. புதுப் படத்தோட எழுதிக் குடுத்தா இன்னும் ரெண்டு வாரம் ஆவுமாம். அதுவர ஸ்கூல்ல பொறுக்க மாட்டாவ, வேற ஆளப் போட்டுருவாவ." அவர் செல்போனை மறுகாதுக்கு மாற்றுகிறார். "கல்யாணப் பிள்ளைகளுக்கு மூஞ்சிய டச்சப் பண்ணிப் பண்ணி, கை தன்னால தழும்ப அழிச்சிருச்சு தாயி." அங்கே யாரோ புரியாத பாஷையில் வரிசை எண்ணைக் கூப்பிடுகிறார்கள். பிறகு லைன் கட்டாகிறது. கை வைக்காத அசல் படத்தைத் திரையில் திறந்து அவர் நெற்றியைப் பெரிதாக்குகிறார். வலது புருவத்துக்கு மேல் வெள்ளையாய் ஒரு கோடு. ஐந்தருவி ரோட்டில் அவர் பைக் வழுக்கி விழுந்த அன்றைக்கு அவள் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்திருந்தாள், ஆறு வயசு. எதிர்ச்சுவரில் ஏழு வயசிலிருந்து பட்டமளிப்பு வரைக்கும் அவர் எடுத்த அவளுடைய படங்களாகத் தொங்குகின்றன. ஒன்றில்கூட அந்தக் கோடு இல்லை.