இருவருக்கும் ஒரே நியாயம்

2603 ஜூலை 14. மனுவில் 1943 என்று எழுதிவிட்டேன். மாலை வகுப்பில் ஜப்பானியம் படித்தும், இப்போது எங்களை ஆளும் அவர்களின் ஆண்டுக் கணக்கு கைக்கு வரவில்லை. அடித்து 2603 என்று திருத்தினேன்.

அரிசி கடத்திய ஒரே வழக்கு. கடலுக்கு அக்கரையில், பத்து காவான் என்ற ஊரில் பிடிபட்ட அண்ணனுக்கு அங்குள்ள நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. இக்கரையில், எங்கள் தீவின் ஜெலுத்தோங்கில் பிடிபட்ட அவர் கூட்டாளி சுப்பையாவுக்கு இங்கே மறுத்துவிட்டார்கள்.

“நான் மட்டும் வெளியில இருந்தா அவன் பொண்டாட்டி மூஞ்சில எப்படி முழிக்கிறது? நல்லா எழுது லா, தம்பி” என்றார் அண்ணன்.

சுப்பையாவுக்கும் ஜாமீன் கேட்டு மேல் நீதிமன்றத்துக்கு, ‘ஒரே வழக்கில் இருவரை இருவிதமாக நடத்துவது முறையல்ல’ என்று எழுதினேன்.

நீதிபதி இருமுறை படித்தார். முறையல்லதான் என்று ஒப்புக்கொண்டு, அண்ணனின் ஜாமீனை ரத்து செய்தார்.

கூண்டு வண்டியில் ஏறும்போது அண்ணன் திரும்பினார். “நல்லாத்தான் எழுதியிருக்கே, தம்பி.”

நாளை இரண்டு பேருக்கும் மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சிறைக்கு எடுத்துப்போக வேண்டும்.