தோள் ஒப்புக்கொண்ட தொலைநோக்கி

இடது தோள் காலையிலிருந்து விண்விண் என்று தெறிக்கிறது. மூட்டை தூக்கித் தேய்ந்த தோள். கடைக்காரர் மேசைமேல் இரண்டு தொலைநோக்கிகளை வைக்கிறார். ஒன்று கை நீளக் குழாய், மற்றது தண்ணீர் பாட்டில் அளவு. ஜன்னல் வெயிலில் இரண்டின் லென்ஸும் ஊதாவாக மினுங்குகின்றன. நான் பெரியதைத் தூக்கித் தோளில் சாத்துகிறேன். "அண்ணே, அது சிமெண்டு மூட்டை இல்ல!" என்று கடைக்காரர் பதறுகிறார். "நட்சத்திரம் படம் எடுக்க இதைச் சுமந்து மலை ஏறப்போறது இந்தத் தோள்தானே தம்பி?" பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். வலி முகத்தில் தெரிந்துவிடுகிறது. என் மனைவி சிரிக்கிறாள். "பால்வீதியில பெரிய துண்டா ஒரே படத்துல வேணும்னுதானே வந்தீங்க? பெருசு வானத்துல ஒரு மூலையைத்தான் காட்டுமாம். அதுக்கு எதுக்கு இந்த வீறாப்பு?" கடைக்காரர் தலையாட்டுகிறார். "அண்ணி சொல்றது சரி. குட்டைக் குழாய்ல கேமராவை மாட்டினா படம் அகலமா விழும்." சின்னதைத் தோளில் வைக்கிறேன். கோழிக்குஞ்சு வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. தோள் வாயை மூடிக்கொள்கிறது. "இதையே கட்டுங்க தம்பி." இன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை; இந்நேரம் கிடங்கில் என் பங்கு மூட்டைகளையும் என்னோடு சுமை தூக்கும் கூட்டாளிதான் சேர்த்துத் தூக்கிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு நான் ஒரு நாள் சுமை பாக்கி.